நெகட்டிவ் சாட்சி சொல்லட்டும்

இரண்டு புகைப்படக் கலைஞர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டு, அதை ஒரு கேமரா பதிவுசெய்தால் நமக்கு என்ன கிடைக்கிறது? யூடியூப் வந்தபிறகு இப்படிப்பட்ட பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கு முன்பே ஆவணப்படங்களாகவும் தொலைக்காட்சித் தொடர்களாகவும் பல்கலைக்கழக அரங்குகளில் எடுத்த பழைய டேப்புகளாகவும் ஐம்பது ஆண்டுச் சரக்கு சேர்ந்து கிடக்கிறது. அதில் பெரும்பகுதி பாராட்டு விழா. மூத்தவர் பேசுகிறார், இளையவர் தலையாட்டுகிறார். நடுநடுவே புகழ்பெற்ற படங்கள் மெல்லிய இசையோடு வந்துபோகின்றன. பார்த்து முடித்தபின் அந்தக் கலைஞர்மேல் மரியாதை கூடியிருக்கும். அவருடைய படத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

விதிவிலக்குகள் உண்டு, மிகச் சில. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது பேசுபவரின் புகழோ கேட்பவரின் சாமர்த்தியமோ அல்ல என்பது என் வாதம். பேச்சு நடக்கும் இடத்தில் பேசுபவரை மறுத்துச் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த ஒன்று நெகட்டிவாக இருக்கலாம், படத்தில் இருக்கும் மனிதராக இருக்கலாம், கண்ணெதிரே நடக்கும் வேலையாகவும் இருக்கலாம். எதுவும் இல்லையென்றால் அது உரையாடல் ஆகாது, எத்தனை பேர் உட்கார்ந்து பேசினாலும் சரி.

இதில் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். புகைப்படக்காரரின் நினைவுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாவலாசிரியருக்குத் தன் நாவலை எழுதிய மூன்று வருடப் பாடு நினைவிருக்கும். புகைப்படம் பதிவாகும் நேரமோ ஒரு நொடியில் 125ல் ஒரு பங்கு. அன்று அந்தத் தெருவில் அவர் ஒரு ரோல் முழுக்க, 36 ஃப்ரேம் எடுத்திருப்பார். அதில் ஒன்று தேர்வாகி, பிரிண்ட் ஆகி, கண்காட்சிக்குப் போய், புத்தக அட்டையில் ஏறி, நாற்பது வருடம் அவர் கண்முன்னாலேயே நின்றிருக்கும். மீதி 35ம் உறைக்குள் கிடக்கும். பிறகு அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்டால், அவர் விவரிப்பது பெரும்பாலும் அந்த ஒரு படத்தைத்தான். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. நினைவு இருக்கவேண்டிய இடத்தில் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் புகைப்படக்காரரின் வாய்மொழியை மட்டும் நம்பி எடுக்கும் பேட்டி அடித்தளத்திலேயே பலவீனமானது.

இந்தப் பலவீனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் நார்மண்டிப் படங்களே போதும். 1944 ஜூன் 6 அன்று ஓமாஹா கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படையோடு காப்பாவும் இறங்கினார். லைஃப் பத்திரிகையின் லண்டன் படப் பொறுப்பாளராக இருந்த ஜான் மோரிஸ் அதன்பின் பல பத்தாண்டுகள் மேடைகளிலும் கேமரா முன்னும் ஒரு கதையைச் சொல்லிவந்தார். நான்கு ரோல் வந்துசேர்ந்தது, அச்சுக்குப் போகும் அவசரத்தில் இருட்டறைப் பையன் உலர்த்தும் பெட்டியின் சூட்டைக் கூட்டிவிட்டான், ஃபிலிமின் எமல்ஷன் பூச்சு உருகி வழிந்துவிட்டது, 11 ஃப்ரேம்தான் மிஞ்சியது என்பது கதை. புகைப்பட உலகம் முழுக்க அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. 2014ல் விமர்சகர் ஏ.டி. கோல்மனும் புகைப்படச் செய்தியாளர் ஜே. ராஸ் பாமனும் அதைத் துருவ ஆரம்பித்தார்கள். அந்தச் சூட்டில் எமல்ஷன் அப்படி உருகுமா என்பது போன்ற, இருட்டறையில் வேலை பார்த்த எவருக்கும் தோன்றியிருக்க வேண்டிய கேள்விகள்தான் அவை. அந்த ஆண்டு முடிவதற்குள் மோரிஸே, மற்ற ரோல்களில் ஒன்றுமே பதிவாகாமல் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எழுபது ஆண்டுப் பேச்சு நெகட்டிவை முன்னால் வைத்துக் கேட்டதும் ஆட்டம் கண்டது. காப்பாவின் துணிச்சலுக்கு இதனால் குறைவொன்றும் வரவில்லை. அத்தனை பேட்டிகளின் தரத்துக்குத்தான் குறைவு.

இனி விதிவிலக்குகளுக்கு வருவோம். முதலில் சொல்லவேண்டியது பிரான்ஸில் 1980களின் இறுதியில் தொடங்கிய ‘கான்டாக்ட்ஸ்’ தொடர். யோசனை வில்லியம் க்ளைனுடையது. நியூயார்க்கில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த புகைப்படக்காரர், திரைப்பட இயக்குநரும்கூட. ஒரு பகுதிக்கு 13 நிமிடம். திரையை நிறைத்து நிற்பது கலைஞரின் முகம் அல்ல, அவருடைய கான்டாக்ட் ஷீட். ஒரு ரோலின் நெகட்டிவ் பட்டைகளை வரிசையாகப் பிரிண்ட் தாளின்மேல் படுக்கவைத்து ஒளி காட்டி எடுக்கும் தாள் அது. எடுத்ததெல்லாம் எடுத்த வரிசையிலேயே அதில் இருக்கும். தேர்ந்த படத்தைச் சுற்றிச் சிவப்பு மெழுகுப் பென்சில் கோடு இருக்கும். கேமரா அந்தப் பட்டைகளின்மேல் இடமிருந்து வலமாக ஊர்ந்துபோகப் போக, எடுத்தவரின் குரல் கூடவே வருகிறது. கார்த்தியே-ப்ரெசோன், ரெய்மோன் தெபார்தோன், யோசெஃப் கூதெல்கா, ராபர்ட் துவானோ, எலியட் எர்விட், மார்க் ரிபூ, டான் மெக்கலின் என்று முதல் தொகுதியின் பெயர்களே ஒரு நூற்றாண்டின் புகைப்படப் பத்திரிகை வரலாறு.

க்ளைன் தன் சொந்தப் பகுதியை ஒரு கணக்கோடு தொடங்குகிறார். ஒரு புகைப்படக்காரரின் படங்களில் உலகத்துக்குத் தெரிந்தவை எத்தனை இருக்கும், 125 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் நொடியில் 125ல் ஒரு பங்கு, ஆக மொத்தம் ஒரு நொடி. 250 படம் என்றால் அது பெரிய சாதனை, அதுவும் இரண்டே நொடி. வாழ்நாள் உழைப்பை இப்படி நொடியில் அளந்து காட்டியவுடனே, அடுத்து வரும் ஒவ்வொரு பட்டையையும் நாம் வேறு கண்ணோடு பார்க்கிறோம். இந்தப் படத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, ஏன் இது, ஏன் அது இல்லை? எடுத்தவர் எத்தனை தடவை தவறவிட்டு, எங்கே நெருங்கி, எப்போது சலித்து, எந்த ஃப்ரேமில் சட்டென்று விழித்துக்கொண்டார் என்பதெல்லாம் தாளிலேயே இருக்கிறது. குரல் மிகைப்படுத்தினால் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

கான்டாக்ட் ஷீட் எவ்வளவு பேசும் என்பதற்குப் பலரும் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. டயான் ஆர்பஸ் 1962ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த, கையில் பொம்மை வெடிகுண்டு வைத்திருக்கும் சிறுவன் படம். எலும்பாக இறுகிய கை, பிதுங்கும் கண், முகத்தில் ஏதோ வெறி. அந்த ரோலின் கான்டாக்ட் ஷீட்டைப் பார்த்தால், மற்ற ஃப்ரேம்களில் அவன் இடுப்பில் கைவைத்து நின்று சிரிக்கும் சாதாரணப் பையன். ஆர்பஸ் அந்த ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வில்தான் அவருடைய கலை இருக்கிறது, அவர்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டும் அங்கேதான் இருக்கிறது. 1971ல் இறந்துவிட்ட ஆர்பஸிடம் இதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தாள் சொல்லிவிட்டது. க்ளைனுக்கும் இப்படி ஒன்று உண்டு. 1955ல் நியூயார்க் தெருவில் ஒரு சிறுவன் துப்பாக்கியை லென்ஸுக்கு நேரே நீட்டும் படம். மிரட்டலாகப் பார் என்று தானே கேட்டு எடுத்ததாகவும், எடுத்தபின் சிரித்துக்கொண்டதாகவும் க்ளைன் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொல்லக்கூடிய மனிதருக்குத்தான் ‘கான்டாக்ட்ஸ்’ போன்ற ஒரு தொடரை யோசிக்க முடியும்.

இரண்டு மறுப்புகளை இங்கே எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, இது தனிக்குரல்தானே, உரையாடல் எங்கே என்பது. ஒரு ஃப்ரேமை எடுத்த மனிதனும் அதைத் தேர்ந்தெடுத்த மனிதனும் ஒருவர் அல்ல. முப்பது வருடம் கழித்து அதே தாளைப் பார்த்துப் பேசுபவர் மூன்றாம் மனிதர். இந்த மூவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் இடமாகத் தாள் இருக்கிறது. இருவர் நாற்காலி போட்டுப் பேசும் பல பதிவுகளைவிட இதில் உரையாடல் அதிகம் என்பேன்.

இரண்டாவது மறுப்பு கனமானது. எந்தத் தாளைக் காட்டுவது என்பதையும் அதே கலைஞர்தானே முடிவுசெய்கிறார்? உண்மை. கார்த்தியே-ப்ரெசோன் தன் ஆரம்பகால நெகட்டிவ் பட்டைகளை வெட்டி, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தவர். 1932ல் சேன் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதனின் படத்துக்கு முன்பின் என்ன இருந்தது என்று இனி யாராலும் காட்ட முடியாது. தொடரின் பிற்பாடு வந்த தொகுதிகளில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. ஜெஃப் வால் ஒரு காட்சியை நாடகம் போல அமைத்து எடுக்கிறார். ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி கணினியில் கோர்க்கிறார். இவர்களுடைய வேலை கான்டாக்ட் ஷீட்டில் நடப்பதே இல்லை. அங்கே தொடரின் பெயர் மட்டும் மிஞ்சி, குரல் விளக்கவுரையாகிவிடுகிறது. முதல் தொகுதியின் வலு பின்னவற்றில் இல்லை.

பேச மறுப்பவர்களின் பதிவுகளும் உண்டு, அவற்றில் அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்டை விஞ்ச ஆளில்லை. 1977ல் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முன் அவர் உட்கார்ந்து பேசிய பதிவு கிடைக்கிறது. கேட்பவர்கள் அர்த்தம் கேட்கிறார்கள், நோக்கம் கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அவர் தட்டிவிடுகிறார். படம் கதை சொல்லாது, ஒரு பொருள் கேமராவுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டுமே காட்டும் என்பது அவர் பிடித்த பிடி. இதைத் திமிர் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன். எடுத்த ரோலை ஒரு வருடமாவது கழுவாமல் வைத்திருக்கவேண்டும், எடுத்தபோது இருந்த மனநிலை ஆறியபின் பார்த்தால்தான் படம் நன்றாக இருக்கிறதா, அன்றைய நாள் நன்றாக இருந்ததா என்று பிரித்தறிய முடியும் என்று நடைமுறையிலேயே வைத்திருந்தவர் அவர். நினைவை நம்பக்கூடாது என்று தெரிந்தவருக்கு, நினைவைக் கிளறும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பிடிக்காதது நியாயம்தான். ஆனால் மறுப்பிலேயே நின்றுவிடுவதால் பதிவு ஒரு கட்டத்துக்குமேல் நகர்வதில்லை. 1984ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் ஏறத்தாழ 2500 இருந்தன. கடைசிக் காலத்தில் அவர் எதைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு அந்த மேடைப் பேச்சில் விடை இல்லை. விடை இருந்தால் அந்த ரோல்களில்தான் இருக்கும்.

இப்போது இந்த வகையில் உலகம் கொண்டாடிய படத்துக்கு வருகிறேன்: விம் வெண்டர்ஸும் ஜூலியானோ ரிபேரோ சல்காடோவும் சேர்ந்து இயக்கிய ‘தி சால்ட் ஆஃப் தி எர்த்’, 2014. பிரேசிலின் செபாஸ்தியோ சல்காடோவைப் பற்றியது. வெண்டர்ஸ் தானும் புகைப்படக்காரர். ஜூலியானோ, செபாஸ்தியோவின் மகன். கான் விழாவில் விருது, பிரான்ஸின் சீசர் விருது, ஆஸ்கர் பரிந்துரை என்று பெருமைக்குக் குறைவில்லை.

வெண்டர்ஸ் இதில் செய்த ஏற்பாடு இந்த வகையிலேயே மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று தயங்காமல் சொல்வேன். சல்காடோவை இருட்டறையில் உட்காரவைத்து, அவர் முன்னால் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியை நிறுத்தினார். கண்ணாடியில் சல்காடோவின் சொந்தப் படங்கள் தெரியும். கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். சல்காடோ தன் படத்தைப் பார்த்துப் பேசப் பேச, நமக்கு அவர் நம் கண்ணையே பார்த்துப் பேசுவது போலிருக்கும். படம் கரைந்து முகம் வரும், முகம் கரைந்து படம் வரும். 1994ல் ருவாண்டாவில் பார்த்ததை அவர் சொல்லும் இடத்தில் அந்தக் கண்ணாடி தன் வேலையை முழுக்கச் செய்கிறது. மனிதர்களைப் படம் எடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றும் அளவுக்கு என்ன நடந்தது என்று அவர் முகம் காட்டுகிறது. அந்தச் சில நிமிடங்கள் என்னை உலுக்கின.

ஆனால் அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். சல்காடோவின் எதிரில் யாரும் இல்லை. கேள்வி கேட்பவரின் முகம் அவருக்குத் தெரியாது, கண்ணாடியில் தெரிவது அவரே தேர்ந்து, அவரே அச்சிட ஒப்புதல் தந்த இறுதிப் படங்கள். தேர்வாகாத ஒரு ஃப்ரேம்கூட அந்தக் கண்ணாடியில் வருவதில்லை. தன் கடைசி முடிவுகளோடு மட்டும் ஒருவரைத் தனியே விட்டால் அவர் அந்த முடிவுகளுக்குக் காரணம் சொல்வார். வேறென்ன செய்யமுடியும்?

கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் புதியவையும் அல்ல. 1991லேயே நியூயார்க்கர் இதழில் இங்க்ரிட் சிஷி, சல்காடோ துயரத்தை அழகாக்குகிறார் என்று கடுமையாக எழுதினார். 2003ல் சூசன் சொன்டாக் ‘ரிகார்டிங் த பெய்ன் ஆஃப் அதர்ஸ்’ நூலில் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: புலம்பெயர்ந்தோரின் முகங்களை எடுக்கும் சல்காடோ, படக்குறிப்பில் அவர்களுடைய பெயரைச் சொல்வதில்லை. புகழ்பெற்றவர்களுக்கு மட்டும் பெயர் உண்டு, மற்றவர்கள் ஏழை, அகதி, தொழிலாளி என்ற வகைக்குள் அடங்கிவிட வேண்டும் என்ற வழக்கத்துக்கு அது துணைபோகிறது என்பது அவர் வாதம். இதற்கு சல்காடோ வலுவான பதில் வைத்திருக்கலாம். லண்டனில் சர்வதேசக் காபி அமைப்பின் பொருளாதார நிபுணர் வேலையை 1973ல் விட்டுவிட்டுக் கேமரா எடுத்தவர் அவர். தனிமனிதரின் பெயரைவிட அவரை அந்த இடத்துக்குத் துரத்திய பொருளாதாரத்தைக் காட்டுவதே தன் வேலை என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். அந்தப் பதிலைக் கேட்க எனக்கு ஆசை. படம் அதற்கு வாய்ப்பே தரவில்லை. ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் தீண்டப்படாத இயற்கையைக் காட்டிய அவருடைய கண்காட்சிக்கு வாலே என்ற பிரேசில் சுரங்க நிறுவனம் நிதி தந்தது லண்டனிலேயே சர்ச்சையானது. வெண்டர்ஸ் அதையும் கேட்கவில்லை. ஒரு புகைப்படக்காரர் இன்னொரு புகைப்படக்காரரிடம் மட்டுமே உரிமையோடு கேட்கக்கூடிய கேள்விகள் இவை. வெண்டர்ஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்தராக உள்ளே போனார்.

இதே படத்துக்குள் இன்னொரு சிறிய படம் ஒளிந்திருக்கிறது, அதை எடுத்தவர் மகன். ஆர்க்டிக் பகுதியில் ராங்கல் தீவு. வால்ரஸ் கூட்டத்தை எடுக்கப் போன தந்தையும் மகனும் ஒரு குடிசைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள், வெளியே பனிக்கரடி வந்துவிட்டது. சல்காடோவுக்குக் கரடியைப் பார்த்து மகிழ்ச்சி இல்லை, எரிச்சல்தான். பின்னணி சரியில்லை, ஃப்ரேம் அமையவில்லை, இப்படி எடுத்தால் கரடி வந்தது என்பதற்கு ஆதாரமாக இருக்குமே தவிரப் படமாக இருக்காது என்ற பொருளில் புலம்புகிறார். உலகத்தில் எத்தனையோ பேர் அந்தக் கரடியை அள்ளி எடுத்திருப்பார்கள். சல்காடோவுக்கு எது படம், எது படம் இல்லை என்பது அந்தச் சில நிமிடத்தில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. துயரத்தை அழகாக்குகிறார் என்ற குற்றச்சாட்டின் வேரும், அவர் மேதைமையின் வேரும் இந்த ஒரே பிடிவாதம்தான் என்பதை வெண்டர்ஸின் கண்ணாடி காட்டவில்லை, கரடி காட்டியது. கண்முன்னால் வேலை நடந்துகொண்டிருந்ததும், பக்கத்தில் இருந்தவர் தந்தையை வியந்து பழகாத மகன் என்பதும்தான் காரணம். 2025 மே மாதம் சல்காடோ காலமானார். சொன்டாக்கின் கேள்வியை அவர் முன் வைக்கும் வாய்ப்பு அந்தப் படத்தோடு போயிற்று என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பிள்ளைகள் கேமரா எடுத்தால் இந்த மாற்றம் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2017ல் அவனி ராய் தன் தந்தையைப் பற்றி எடுத்த ‘ரகு ராய்: ஆன் அன்ஃப்ரேம்டு போர்ட்ரெய்ட்’. 1977ல் கார்த்தியே-ப்ரெசோன் முன்மொழிந்து மேக்னம் புகைப்படக்காரர் அமைப்புக்குள் வந்தவர் ரகு ராய். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்தில் இறந்து மண்ணுக்குள் போகும் குழந்தையின் முகத்தை எடுத்தவர். மகளும் புகைப்படக்காரர். இருவரும் காஷ்மீருக்குப் போகிறார்கள், மகள் எடுக்க, தந்தை பேசுகிறார். பேசும்போதே மகள் எடுக்கும் விதத்தையும் திருத்துகிறார். மற்ற படங்களில் வெட்டியெறியப்படும் பகுதி இது. அவனி அதை வைத்திருக்கிறார். தன்னைப் படம் எடுக்கவிடுவது எவ்வளவு கடினம் என்று, ஆயிரக்கணக்கானோரைப் படம் எடுத்த ஒருவர் தன்னையறியாமல் காட்டிக்கொடுக்கும் இடம் அது. படம் சில இடங்களில் அப்பா என்ற பாசத்துக்குள் சரிந்துவிடுகிறது. போபால் படத்தைப் பற்றி மகள் இன்னும் விடாமல் கேட்டிருக்கவேண்டும். அதே குழந்தையைப் பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார், வண்ணத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் ஒரு மணி நேரம் போதாது. ஆனாலும் ஒரு மூத்த கலைஞரின் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று காட்டிய அளவில் இது வெண்டர்ஸின் படத்தைவிட நேர்மையானது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ஆனியெஸ் வர்தாவின் ‘யுலீஸ்’, 1982. மொத்தம் 22 நிமிடம். சினிமாவுக்கு வருமுன் வர்தா புகைப்படக்காரர், ழான் விலாரின் நாடகக் குழுவின் படங்களை எடுத்தவர். 1954ல் ஒரு கூழாங்கல் கடற்கரையில் அவர் எடுத்த படம் ஒன்று. நமக்கு முதுகைக் காட்டி, நிர்வாணமாகக் கடலைப் பார்த்து நிற்கும் ஆண். கற்களில் உட்கார்ந்து நம் பக்கம் திரும்பியிருக்கும் சிறுவன். முன்னால் செத்துக் கிடக்கும் ஆடு. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து வர்தா அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் இருந்தவர்களைத் தேடிப் போகிறார்.

நிர்வாணமாக நின்றவர் ஃபூலி எலியா. இடைப்பட்ட காலத்தில் அவரும் புகைப்படக்காரர் ஆகி, எல் பத்திரிகையில் வேலை பார்க்கிறார். ஆக இது இரண்டு புகைப்படக்காரர்களின் உரையாடல், ஒருவர் எடுத்தவர், இன்னொருவர் எடுக்கப்பட்டவர். வர்தா பழைய படங்களைக் காட்டுகிறார். தான் போட்டிருந்த சட்டை எலியாவுக்கு நினைவிருக்கிறது, அந்த நாள் நினைவில்லை. அந்தச் சிறுவன் யுலீஸ் வளர்ந்து பாரிஸில் புத்தகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு எதுவுமே நினைவில்லை. சிறுவயதில் அதே புகைப்படத்தைப் பார்த்து அவரே வரைந்த ஓவியத்தை வர்தா காட்டுகிறார். தான் வரைந்ததாகவே நினைவில்லை என்கிறார். அவருடைய தாய்க்கோ நினைவிருக்கிறது, ஆனால் அது படத்தின் அழகு பற்றிய நினைவு அல்ல, பிள்ளையின் கால்நோவு பற்றியது. கடைசியில் வர்தா அந்தப் படத்தை ஓர் ஆட்டின் முன்னால் நீட்டுகிறார். ஆடு அதைக் கடித்துத் தின்னுகிறது.

எத்தனை மறுப்பு, யோசித்துப் பாருங்கள். எடுத்தவருக்குப் பேரழகான ஓர் அமைப்பு, புராணத்தின் சாயல் கொண்ட காட்சி. படத்தில் இருந்த ஆணுக்கு ஒரு சட்டை, சிறுவனுக்கு வெற்றிடம், தாய்க்கு ஒரு நோய், ஆட்டுக்கு ஒரு காகிதம். வர்தா இதில் எதையும் தன் படத்துக்கு ஆதரவாக வளைக்கவில்லை. வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியென் பியென் பூ வீழ்ந்த வாரத்தில் எடுத்த படம் அது என்று அந்தக் காலச் செய்திப் படங்களையும் எடுத்துப்போட்டு, தான் கடற்கரையில் ஆட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உலகத்தில் என்ன நடந்தது என்றும் காட்டுகிறார். தன் படைப்பைத் தானே இவ்வளவு நேர்மையாக விசாரணைக்கு உட்படுத்திய வேறொரு புகைப்படக்காரரை எனக்குத் தெரியாது. இதற்கு 1984ல் சீசர் விருது கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தாலும் என் கணிப்பு மாறாது.

88 வயதில் வர்தா, 33 வயது ஜேஆரோடு சேர்ந்து எடுத்து 2017ல் வெளிவந்த ‘விசாஜ் விலாஜ்’ இதைவிடப் புகழ்பெற்றது. சுவர்களில் பிரம்மாண்டமாகப் புகைப்படம் ஒட்டும் ஜேஆரும் வர்தாவும் வேனில் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறார்கள். பல இடங்களில் படம் இனிப்பு கூடிப்போய் இருக்கிறது. ஒட்டிய ஒவ்வொருவரும் மகிழ்ந்துதான் ஆகவேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நார்மண்டிக் கடற்கரையில் ஒரு காட்சி அதை நிமிர்த்துகிறது. குன்றிலிருந்து சரிந்து விழுந்து மணலில் குத்தி நிற்கும் ஜெர்மானியப் பதுங்குகுழி ஒன்று. அதன்மேல், வர்தா 1950களில் எடுத்த கீ பூர்தானின் படத்தை ஒட்டுகிறார்கள். பூர்தானும் பின்னாளில் ஃபேஷன் புகைப்படத்தில் பெரும்பெயர் எடுத்தவர். என்ன அளவு, எந்தக் கோணம், எப்படிச் சாய்த்தால் கான்கிரீட்டின் சாய்வோடு உடம்பு பொருந்தும் என்று அலை வருவதற்குள் இருவரும் தீர்மானித்தாக வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கடல் முழுவதையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. இரண்டு தலைமுறைப் புகைப்படக்காரர்கள் ‘படம் எவ்வளவு காலம் இருக்கவேண்டும்’ என்பதைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பாதிகூட வந்திராது.

யூடியூப் தலைமுறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நியூயார்க்கில் பாலி பி என்பவர் நடத்தும் ‘வாக்கி டாக்கி’ தொடர் இவற்றில் மேலானது. தெருப் புகைப்படக்காரர் ஒருவரோடு பாலி நடக்கிறார், அந்தக் கலைஞர் எடுப்பதைப் பதிவுசெய்கிறார், எடுத்த படத்தையும் காட்டுகிறார். ஒரு மனிதர் கூட்டத்துக்குள் எப்படி நெருங்குகிறார், எப்போது கேமராவைத் தூக்குகிறார், முறைத்தால் என்ன செய்கிறார் என்பதெல்லாம் வாயால் சொல்லிக்கொடுக்க முடியாதவை. அதே தெருக்களில் ஒரு கையில் ஃபிளாஷை நீட்டி முகத்துக்கு அருகில் போய் எடுக்கும் ப்ரூஸ் கில்டனைப் பற்றிய பழைய வானொலி நிலைய வீடியோ ஒன்று உண்டு. இன்றுவரை மக்கள் அதைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள், ஏனென்றால் அதில் செயல் தெரிகிறது. இப்போதைய தொடர்களின் குறை தோழமை. நண்பர்கள் நண்பர்களை ஊக்குவிக்கிறார்கள். இந்தப் படம் சுமார், ஏன் இதை வைத்துக்கொண்டாய் என்று யாரும் கேட்பதில்லை. லென்ஸ், ஃபிலிம், பை என்று பேச்சு பொருள்களுக்குப் போய்விடும் மற்றவற்றைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

என் தீர்ப்பு இது. தனிப்படைப்பாக ‘யுலீஸ்’ முதல் இடம். முறையாக ‘கான்டாக்ட்ஸ்’ தொடரின் முதல் தொகுதி முதல் இடம், மற்றவர்கள் கற்றுக்கொண்டு செய்யக்கூடியது அதுதான். அவனி ராயின் படம் குறைகளோடு மூன்றாவது. ‘தி சால்ட் ஆஃப் தி எர்த்’ பார்க்கவேண்டிய படம், ஆனால் சல்காடோவைப் பற்றிய முடிவான ஆவணமாக அதைக் கொள்ளக்கூடாது. அதைப் பார்ப்பவர்கள் கையோடு சொன்டாக்கின் நூலையும் படித்துவிடுங்கள்.

தமிழில் மூத்த ஸ்டுடியோக்காரர்களையும் சினிமா ஸ்டில்ஸ் எடுத்தவர்களையும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களையும் பேட்டி எடுத்துப் போடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்களைக் கேமரா முன்னால் உட்காரவைக்கும்போது, பழைய நெகட்டிவ் பெட்டியையும் ஒரு லைட் பாக்ஸையும் மேசைமேல் வையுங்கள். புகழ்பெற்ற படம் இருக்கும் பட்டையை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு முந்தைய ஃப்ரேமில் இருந்து கேள்வியை ஆரம்பியுங்கள். அந்தப் படத்தில் இருந்தவர் உயிரோடு இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் போனபின் பல வீடுகளில் நெகட்டிவ்கள் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடுகின்றன. இந்த வருடமே தொடங்கினால்கூடத் தாமதம்தான்.